சீமாட்டியை விட்டுவிட்டு வந்தவர்

மார்ச் 9

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

அப்பாவை அனுப்பி வைத்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், டீ குடித்தார்கள், பிறகு என் காதருகில் வந்து "பெரியவ எங்க?" என்று கேட்டார்கள். பெற்ற அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வராத மகள் என்று சொல்ல முடியுமா? மாடிப்படியில் விழுந்துவிட்டாள், காலில் சுளுக்கு என்று சொன்னேன். முதலில் இடது கால் என்றேன். அப்புறம் வேறு யாரிடமோ வாய் தவறி வலது கால் என்றுவிட்டேன். எதிர்வீட்டு அத்தை இரண்டையும் கேட்டுக்கொண்டே இருந்தவர், "ரெண்டு காலுமா போச்சு, பாவம்" என்றார். உன்னால் நான் அவர் முன்னால் அசடு வழிய நின்றேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படியில் நின்றுகொண்டு போனில் கத்தினாயே, அந்தக் கோபம் இன்னுமா தீரவில்லை? சரி, அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை.

ஓய்வுபெற்ற படைவீரர் சங்கத்தில் அடுத்த மாதம் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். தொண்ணூறைத் தாண்டி இருந்தவர்கள் சங்கத்தில் ஒரு கை விரல்களுக்குள் அடக்கம். அதனால் பெரிதாகவே வைக்கிறார்கள். குடும்பத்தின் சார்பில் அவர் வாழ்க்கையை எழுதிப் படிக்க வேண்டுமாம். மருந்துக் கடைக்காரன் எனக்கு எழுத என்ன வரும்? "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்" என்பதைத் தவிர நான் சேர்ந்தாற்போல் நாலு வரி எழுதியதில்லை. நீ தலைமை ஆசிரியை. நீதான் எழுத வேண்டும்.

என்ன எழுத என்று நீ யோசிக்கவே வேண்டாம். இளம் வயதில் பட்டாளம், மலைப் பீரங்கிப் படை, போர்முனை. திரும்பி வந்து பால் வண்டி ஓட்டினார். விடிகாலையில் தெருத் தெருவாகப் பால் கொடுத்துவிட்டு வந்து, நர்ஸாக இருந்த அம்மா டூட்டி முடிந்து வருவதற்குள் சமைத்து, துணி அலசி, உனக்குத் தலை பின்னி அனுப்புவார். அப்பா பின்னிய சடை சாயங்காலம்வரை கலையாது என்று நீதான் பீற்றிக்கொள்வாய். அம்மாவுக்குக் கடைசியில் ஞாபகம் தப்பிப்போய், "யாரு நீங்க, என் ரூம்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று அவரையே அதட்டினாளே. "புதுசா வந்த வார்டு பாய்ம்மா, வாயைத் திறங்க" என்று சொல்லி ஊட்டிவிட்டவர் அவர். இப்படிப்பட்ட மனுஷனைப் பற்றி எழுத உனக்கு வார்த்தைக்கா பஞ்சம்?

எழுதி அனுப்பு. கூட்டத்துக்கும் வா. கால் சுளுக்கு அதற்குள் சரியாகியிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்.

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

காலில் சுளுக்கு என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி. நாக்கில் சுளுக்கு என்று சொல்லியிருந்தால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருக்கும். அவரைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு அதுதான் வருகிறது.

அன்றைக்கு நான் போனில் பாதி சொல்வதற்குள் "அப்புறம் பேசுறேன், கடையில கூட்டம்" என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது முழுவதையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே முடிவு செய்.

அவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. நான் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தார். "சீமாட்டி, நில்லும்மா. அவசரப்படாதே. நான் இருக்கேன்ல." குரல் அப்படியே குழைந்தது. அம்மாவிடம் அவர் அன்பாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

காய்ச்சல் இறங்கிக் கண் விழித்ததும் கேட்டேன். "யாருப்பா சீமாட்டி?"

அவர் முகம் மாறிவிட்டது. "உனக்கு யார் சொன்னா?" என்றார்.

"நீங்கதான். தூக்கத்துல."

"என்னை நம்பித்தான் வந்தா" என்றார். "நான்தான் நடுவழியில விட்டுட்டு வந்துட்டேன். அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கழுவ?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிட்டேன். உங்கம்மா அன்னிக்கு அழுத அழுகை..."

இதற்கு மேல் நான் என்ன கேட்க? அம்மா வீங்கின காலோடு வார்டு வார்டாக நடந்தது, வீட்டுக்கு வந்ததும் அவருக்கு முதலில் பரிமாறியது எல்லாம் கண்முன் வந்தது. அவளைத் தாலி கட்டும் முன்பே இன்னொருத்திக்காக அழவைத்திருக்கிறார். அவர் ஊட்டிவிட்டதெல்லாம் பிராயச்சித்தம்தானா? அந்த ஆத்திரத்தில் சொன்னேன். "உங்களை அப்பான்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு." அவர் மறுப்பார் என்று ஒரு நிமிஷம் நின்றேன். மறுக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த விரல்களை மெதுவாக எடுத்துக்கொண்டார். குற்றமுள்ள மனுஷன் அப்படித்தான் செய்வான் என்று நினைத்துப் படியிறங்கினேன். அதற்கப்புறம் நான் வரவில்லை.

அவர் போய்விட்டார் என்று நீ சொன்ன அன்று பெட்டியில் துணி அடுக்கினேன். பாதி அடுக்கும்போது அந்தப் பெயர் காதில் விழுந்தது. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்றே தெரியவில்லை.

"குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று என் கையால் எழுத மாட்டேன். நீயே எழுதிக்கொள். இன்னொன்று. அந்தச் சீமாட்டி உயிரோடு இருந்தால் அவளுக்கும் தொண்ணூறு இருக்கும். அவர் போனதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனாலும் நம்பி வந்தவள்தானே.

அக்கா

*

மார்ச் 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வயிற்று மருந்தைக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அவரே பார்த்துத் திருப்பித் தந்தார்.

அந்தக் காலத்துப் பட்டாளம் அக்கா. இன்றைக்கு இருப்போமா நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வயது. ஏதோ இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும். அம்மாவே அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அவரோடு குடும்பம் நடத்திவிட்டுப் போய்விட்டாள். நடுவில் நீ எதற்கு வக்காலத்து வாங்குகிறாய்? போனவர் போய்விட்டார். கிளறக் கிளற நமக்குத்தான் அசிங்கம்.

நீ யாரையும் தேடிக்கொண்டு போகாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவோடு இருந்தவர்களில் மிச்சம் இருப்பவர்களுக்கு எல்லாம் மறதி. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார்கள். அதை நீ நம்பி இன்னும் நொந்துபோவாய்.

எழுதித் தர முடியாது என்றால் விடு, நானே எழுதிக்கொள்கிறேன். பீரங்கிப் படை, வீரம், நாட்டுப்பற்று, பால் வண்டி வேண்டாம், "சொந்தத் தொழில்" என்று போட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் என் பெண்ணுக்கு மாமனாராக வரப் போகிறவர் முன்வரிசையில் உட்காருவார். அவரே பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. வீட்டுக்கு வந்திருந்தபோது பீரங்கிப் படை என்று சொன்னதும் எழுந்து நின்று அப்பா படத்துக்கு சல்யூட் அடித்தார். இந்த நேரத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் வரக் கூடாது. நீ வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நீ போகாதே என்றாய். அதனாலேயே போனேன்.

அப்பாவுக்கு வருஷம் தவறாமல் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவாரே, லாடக்காரர் என்று அப்பா சொல்லும் பழைய பட்டாளத்து நண்பர், அவர் வீட்டுக்கு. சின்ன வயதில் அப்பா சொல்லச் சொல்லப் பதில் எழுதியது நான்தான், விலாசம் மனப்பாடம். எத்தனை தடவை "லாடக்காரருக்கு" என்று எழுதியிருப்பேன். பீரங்கிப் படையில் லாடம் அடிக்கிறவருக்கு என்ன வேலை என்று ஒரு நாளாவது கேட்டேனா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேள் கேள்வி கேள் என்று உயிரை வாங்குகிறவள் நான்.

மகனுடைய டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறார். ரப்பர் நாற்றமும் கீழே காற்றடிக்கிற சத்தமும் ஓயவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் அழுதார். நான் அழவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"சீமாட்டி எங்க இருக்காங்க? உயிரோட இருக்காங்களா?"

"எந்தச் சீமாட்டி?"

"அப்பாவோட சீமாட்டி. அவர் நடுவழியில விட்டுட்டு வந்தவங்க. செய்தி சொல்லணும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பல்செட்டு கழன்று மடியில் விழுந்தது. மருமகள் என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தாள். அவர் பல்லை மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏம்மா, அவளுக்கு நாலு காலும்மா."

எனக்குப் புரியவில்லை.

"கோவேறு கழுதை. உங்கப்பன் ஓட்டின கழுதை. மலை மேல பீரங்கியைப் பிரிச்சுக் கழுதை மேலதான் ஏத்திட்டுப் போவோம். சக்கரம் ஒண்ணு மேல, குழல் ஒண்ணு மேல. அவன் பங்குக்குச் சீமாட்டி. மத்த கழுதையெல்லாம் கலங்கின தண்ணியைக் குடிச்சிட்டு நடக்கும். இவ மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவா. அதான் சீமாட்டி. ஏன், அவன் சொல்லலையா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பை நிறுத்தினார். நான் அப்பாவிடம் என்ன சொன்னேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவராகவே மிச்சத்தைச் சொன்னார்.

பின்வாங்கி இறங்கி வருகிற பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மண் சரிந்து சீமாட்டி விழுந்துவிட்டாள், முன்னங்கால் போய்விட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு இறங்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போனால் அணு அணுவாகச் சாகும். சுட்டுவிடச் சொல்லி உத்தரவு.

"உங்கப்பன்கிட்டதான் சொன்னாங்க. அவனால ஆகல. துப்பாக்கியை என் கையில குடுத்துட்டு அவ தலைமாட்டுல உட்காந்துட்டான். நாக்கை 'ட்ச் ட்ச்'னு தட்டிக்கிட்டே, பிடரியில இருக்கிற கொஞ்ச மயிரை எடுத்துப் பின்ன ஆரம்பிச்சான். எப்பவும் அப்படிப் பின்னிவிட்டாத்தான் அவ அடங்குவா. அன்னிக்கும் அடங்கினா. வலியையும் மறந்துட்டு அவன் மடியில மூஞ்சியை வச்சுக்கிட்டா. நான்தான் சுட்டேன். அவன் பின்னி முடிக்கக்கூட இல்ல."

தம்பி, அப்பா எனக்குத் தலை பின்னும்போது நாக்கால் அந்தச் சத்தம் போடுவார். நான் ஆடாமல் நிற்பேன். அதை நான் என் பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறேன். எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியாது.

அம்மா அழுததும் இதற்குத்தான். கல்யாணத்தன்று லாடக்காரரிடம் அவளே சொன்னாளாம். "ஒரு கழுதையை நினைச்சு இன்னும் அழுற ஆளு, பொண்டாட்டியை அம்போன்னு விட்டுட மாட்டார். அதான் சரின்னு சொன்னேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓடிப் போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார். "உன் தம்பிக்கு எல்லாம் தெரியுமே. அவன் கல்யாணத்துல சாப்பிடும்போது இந்தக் கதையை எடுத்தேன். பாதியிலேயே கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போய் வண்டி ஏத்திவிட்டுட்டான். கை கழுவக்கூட விடல."

உன் கல்யாணத்தின்போது நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தேன். எனக்குத் தெரிய வழியில்லை. உனக்குத் தெரியும். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற அப்பாவின் பட்டாளத்துப் படத்தில் அவர் கையில் ஒரு கயிறு இருக்கும், மறுமுனை சட்டத்துக்கு வெளியே போய்விடும். இது என்ன கயிறு என்று உன்னை ஒரு தரம் கேட்டேன். கொடிக்கயிறு என்றாய். அந்தப் படத்தை வெட்டிச் சட்டம் போட்டது நீதானே?

நான் ஆஸ்பத்திரிப் படியில் நின்று "அப்பாவுக்கு ஒருத்தி இருந்திருக்கா, பேரு சீமாட்டியாம்" என்று உன்னிடம் கத்தினேன். நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வந்த படியிலேயே திரும்பி ஏறியிருப்பேன். அவர் காலைப் பிடித்திருப்பேன். தெரியுமா, தெரியாதா? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

தெரியும்.

சுற்றி வளைக்காதே என்றாய். ஆனால் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். மன்னிப்புக் கேட்க இல்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

நான் ஐந்தாவது படிக்கும்போது நீ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். பள்ளியில் யாரோ ஒரு ராணுவ வீரர் வந்து பேச வேண்டும் என்றார்கள். எங்கப்பா வருவார் என்று கையைத் தூக்கியவன் நான். அப்பா மெடலைத் துடைத்துக் குத்திக்கொண்டு வந்தார். போரைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டாரே, அன்றைக்கு என்ன வந்ததோ, கழுதையைப் பற்றிப் பேசினார். எப்படிச் சுமை கட்டுவது, எப்படித் தட்டிக்கொடுப்பது. நாக்கைத் தட்டி அந்தச் சத்தம் போட்டுக் காட்டினார். வகுப்பே உருண்டு உருண்டு சிரித்தது. "கழுதை இல்ல தம்பிங்களா, கோவேறு கழுதை" என்று அவர் திருத்தத் திருத்தச் சிரிப்பு அதிகமானது. அன்றிலிருந்து பள்ளி முடிக்கும்வரை என் பெயர் கழுதைக்குட்டி. பெஞ்சில் எழுதினார்கள். நான் நடந்து போனால் பின்னால் கனைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "உங்களை அப்பான்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு. இனிமே யார்கிட்டயும் கழுதைன்னு சொல்லாதீங்க" என்று கத்தினேன். அவர் திட்டவில்லை. "சரிடா கண்ணு" என்றார். அதற்கப்புறம் சாகும்வரை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பட்டாளத்தில் எங்கே என்று கேட்டால் பீரங்கி என்பார். பொய்யும் இல்லையே. உன்னிடம்கூடச் சொல்லாதது அதனால்தான்.

நீ அவரிடம் சொன்ன அதே வார்த்தையை அவர் முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறார் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் வளர்ந்தேன். கடை வைத்தேன். பெரிய இடத்தில் பெண் எடுத்தேன். பீரங்கி வீரர் மகன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பழக்கமாகிவிட்டது. நீ போனில் கத்தியபோது என் வாய்வரை வந்துவிட்டது. எதிரில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், அன்றைக்குத்தான் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கடையில் கூட்டம் என்று சொன்னதும் பொய். "அது கழுதைக்கா" என்று அவர்கள் காதுபடச் சொல்ல முடியவில்லை. ராத்திரி சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு ஒரு கேவலமான எண்ணம் வந்தது. பெண் விவகாரம் என்றால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடும், பட்டாளத்து ஆண்பிள்ளை என்றுகூடச் சொல்லும். கழுதை என்றால் காலம் பூராவும் சிரிக்கும். நீ நினைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சொந்த அப்பாவை ஒழுக்கம் கெட்டவர் ஆக்கினேன். கழுதை ஓட்டியவர் என்று சொல்வதைவிட அது எனக்கு மேலாகத் தோன்றியது.

இன்னும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் தப்பித்துக்கொள்ளலாம், அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் அவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார். "பெரியவளுக்குச் சீமாட்டி விஷயம் எப்படியோ தெரிஞ்சு போச்சுடா. தலைமை ஆசிரியையா இருக்கா பாரு, நாலு பேர் மதிக்கிற இடம். கழுதை ஓட்டினவன் மகள்னு சொல்லிக்க அவளுக்கும் வெக்கமா இருக்காம். உன்னை மாதிரியே. அவமேல தப்பு இல்ல. பேரப்பிள்ளைங்ககிட்ட பீரங்கின்னே சொல்லிக்கச் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்னு சொல்லு."

என் கையில் சவரக்கத்தி இருந்தது. "அவ அதுக்குக் கோபப்படலப்பா" என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் எதற்கு என்று கேட்பார். நான் சும்மா இருந்தது தெரிந்துவிடும். "சரிப்பா, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தை மழித்தேன்.

தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

வெட்கம் உன்னுடையது. அதை என்னுடையது என்று நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அதுவும் என்மேல் கோபமில்லாமல், எனக்கு நியாயம் வேறு கற்பித்துவிட்டு. இதை நான் எங்கே போய், யாரிடம் சொல்லித் திருத்துவேன்? நீ சொல்.

உன்னை மட்டும் திட்டித் தீர்த்துவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் "யாரு அவ?" என்று இன்னும் ஒரு கேள்வி கேட்க எனக்கு ஏன் பொறுமையில்லை? அம்மாவுக்கு வக்கீலாக நிற்கிற பெருமையில் அவரைப் பேசவே விடவில்லை. தொண்ணூறு வயது மனுஷன் என் கையை விட்டபோது, அவர் விரல் நடுங்கியதா என்றுகூடப் பார்க்கவில்லை. தலை பின்னிவிட்ட விரல்.

எழுதி வைத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன். வீரம், நாட்டுப்பற்று எதுவும் அதில் இல்லை. இப்படி ஆரம்பிக்கிறது: "எங்கள் அப்பா பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டினார். அவள் பெயர் சீமாட்டி. ஊருக்குத் திரும்பியதும் பால் வண்டி ஓட்டினார்." மிச்சத்தை நீயே படித்துக்கொள்.

கூட்டத்தில் இதை நான் படிக்க மாட்டேன். நீதான் படிக்க வேண்டும், உன் சம்பந்தி முன்னால். நான் கடைசி வரிசையில் இருப்பேன். ஒரு சொல் மாறினால் எழுந்து போய்விடுவேன். மாறாவிட்டாலும் உன்னோடு பேசுவேன் என்று நினைக்காதே.

அக்கா

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

நீ வந்ததைப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இளைத்துவிட்டாய். எதிர்வீட்டு அத்தை உன் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்ததையும் கவனித்தேன்.

உன் தாளோடு இன்னொரு தாளும் என் சட்டைப்பையில் இருந்தது. நான் எழுதியது, பீரங்கிப் படை என்று ஆரம்பிப்பது. உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? மைக் பக்கம் போகும்வரை எதை எடுக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பையில் கைவிட்டேன், உன்னுடையது வந்தது. துணிச்சல் என்று நினைத்துவிடாதே. உன் தாள் தடிமன், அதுதான் கையில் தட்டுப்பட்டது.

மைக் ஒரு தரம் கீச்சிட்டது. சரி செய்தார்கள். "எங்கள் அப்பா பட்டாளத்தில்" என்று சொல்லிவிட்டு நின்றேன். துக்கம் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். கோவேறு கழுதை ஓட்டினார். அவள் பெயர் சீமாட்டி.

சிரித்தார்கள். நீயும் கேட்டிருப்பாய். இடது பக்கம் இரண்டு மூன்று பேர், சம்பந்தியும் லேசாக. யாரோ ஒருவர் தும்மினார். அதோடு அது அடங்கிவிட்டது. எல்லோரும் மேலே படி என்பது போல என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி காதைக் கையால் குவித்துக்கொண்டு, "பேர் என்ன சொன்னீங்க, சீமாட்டியா?" என்று கேட்டுவிட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மிச்சத்தை எப்படிப் படித்தேன் என்று நினைவில்லை.

படித்து முடித்து நிமிர்ந்தபோது உன் நாற்காலி காலி. கடைசிவரை இருந்தாய் என்று அத்தை சொன்னார். ஒரு சொல்லும் மாற்றவில்லை அக்கா.

பத்து வயதிலிருந்து நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். அதற்காகப் படத்தை வெட்டினேன், விருந்தாளியைக் கை கழுவவிடாமல் அனுப்பினேன், உன்னைப் பிரித்தேன். அப்பாவை அவர் பெற்ற பெண் கை தொடாமல் சாகவிட்டேன். கடைசியில் அது வந்தது. ஒரு ஆள் தும்முகிற நேரம்கூட இல்லை.

தம்பி